விளக்கின் பின்னே ஒரு பெட்டி

வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவர் விளக்கைத் தேர்ந்தெடுக்க நாம் ஒரு மாலைப்பொழுதையே செலவிடுகிறோம். அதன் பின்னே மறையும் பெட்டியின் ஆழத்தைக் கேட்பதில்லை. மும்பை போன்ற நகரங்களின் அடுக்ககங்களில் உட்சுவர்கள் மெல்லியவை. காடி வெட்ட ஆழமில்லாததால் சிறிய பெட்டியைப் பதிக்கின்றனர். சில வீடுகளில் பெட்டியே இல்லை, குழாயின் வாயில் கம்பிகள் தொங்குகின்றன.

ஒரு விளக்குக்கு பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பிகள். அங்கிருந்தே அடுத்த விளக்குக்கும் இணைப்புக் கொடுத்தால் ஆறு முனைகள். அவற்றை முறுக்கி, டேப் சுற்றி, உள்ளே திணித்து விளக்கைத் திருகிவிடுகிறார்கள். தளர்ந்த இணைப்பு சூடேறும். அச்சூட்டில் டேப்பின் பசை காய்ந்து விலகும். இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது எர்த் கம்பிதான். "எல்.இ.டி.தானே!" என்ற சமாதானம் வேறு. விளக்கின் உடல் உலோகமாயின், பேஸ் அதில் பட்டால் தொடுபவரைத் தாக்குவது 230 வோல்ட்.

பூச்சு வேலைக்கு முன்பே ஆழமான பெட்டியைப் பதிக்கச் சொல்வதே நம் கட்சி. சுவர் இடங்கொடாவிடில், இணைப்புகளை சுவிட்ச் பெட்டியிலேயே முடித்து, ஒவ்வொரு விளக்குக்கும் ஒட்டில்லாத தனிக் கம்பிகளை இழுக்கலாம். கம்பிச் செலவு சற்றுக் கூடும். முனைகள் மூன்றாகக் குறையும். டேப்புக்கு மாற்றாக கனெக்டர் கேளுங்கள். வீட்டுக்கடன் மதிப்பீட்டிலும் இவற்றைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கடைசித் தொகையைக் கொடுக்குமுன், மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு விளக்கையேனும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.