உறைமேல் உள்ள கணக்கைச் சரிபார்ப்போம்

நீரிழிவு, உடற்பருமன், இதய நோய் ஆகியவற்றுக்காக எங்களிடம் வருவோர் அனைவருக்கும் நாங்கள் தவறாமல் கூறும் அறிவுரை, உண்பதைக் கணக்கிட்டு உண்ணுங்கள் என்பதே. ஒதியம்பட்டிலும், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பிற சிற்றூர்களிலும் பலர் அதை உண்மையாகவே கடைப்பிடிக்கின்றனர். காலையில் உண்ட இட்லியைக் கைப்பேசிச் செயலியில் பதிகின்றனர். பிஸ்கட் உறையைத் திருப்பிப் பார்க்கின்றனர். எனினும் எடை குறையவில்லை, சர்க்கரை அடங்கவில்லை என்று மனம் சோர்கின்றனர். அவர்களை நாவடக்கம் இல்லாதவர் என்று வீட்டாரோ மருத்துவரோ கடிந்துகொள்ளும் முன், அவர்கள் நம்பிய எண் சரியானதுதானா என்று பார்ப்பதே முறை.

பிழையைக் கண்டறிய எளிய கூட்டல் போதும். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. (உறையில் ‘கிலோ கலோரி’ என்று அச்சிடப்படுவதையே நாம் பேச்சில் கலோரி என்கிறோம்.) ஒரு தின்பண்டத்தின் 100 கிராமில் மாவுச்சத்து 62, புரதம் 8, கொழுப்பு 24 கிராம் என்று இருந்தால், 248, 32, 216 சேர்ந்து 496 கலோரி வர வேண்டும். அங்கே 396 என்று காணப்பட்டால் அந்த அட்டவணையில் ஏதோ ஒன்று தவறு. நார்ச்சத்தின் அளவாலும் பின்னங்களை முழு எண்ணாக்குவதாலும் சிறு வேறுபாடு வரலாம். நூறு கலோரி வேறுபாடு வராது. எண்ணெய்க்கு இந்தக் கூட்டலும் தேவையில்லை. கடலை எண்ணெயாயினும் நல்லெண்ணெயாயினும், ‘இலேசானது’ என விற்கப்படும் எண்ணெயாயினும், 100 கிராமுக்கு ஏறத்தாழ 900 கலோரியே.

செயலிகளில் மிகுதியாக நேரும் குழப்பம் அரிசியில்தான். 100 கிராம் பச்சையான அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு; நீரை உறிஞ்சி வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 மட்டுமே. ‘அரிசி, 100 கிராம்’ என்று மட்டும் உள்ள பதிவு இவ்விரண்டில் எதைக் குறிக்கிறது? இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு இது உயிரைத் தொடும் வினா. மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் அளவை முடிவு செய்பவர், தட்டில் உள்ள சோற்றுக்கு அரிசியின் எண்ணைக் கொண்டால், தேவையைப்போல் இரண்டு மூன்று மடங்கு மருந்து உடலில் ஏறும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். அலகிலும் கவனம் தேவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைகள் நம்பத்தக்கவை. ஆனால் அவை ஆற்றலைக் கிலோ ஜூலில் தருகின்றன. அவ்வெண்ணை 4.18-ஆல் வகுத்தால்தான் கலோரி கிடைக்கும்.

எண் சரியாக இருந்தும் ஏமாறும் இடம் ‘ஒரு பரிமாறல்’ என்னும் சொல். ஒரு பரிமாறலுக்கு 72 கலோரி என்பதைக் கண்டு நிம்மதி அடைகிறோம். அந்தப் பரிமாறல் 15 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். உறையிலோ 75 கிராம். தேநீருடன் முழுதும் தீர்ந்தால் 360 கலோரி. ஆகவே 100 கிராமுக்குரிய எண்ணையே பாருங்கள்; உண்ட எடையால் பெருக்குங்கள்.

உறையின் முன்பக்கச் சொற்களைவிடப் பின்பக்க எண்களை நம்புங்கள். 2024 ஏப்ரலில், ‘ஆரோக்கிய பானம்’ என்னும் வகைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்று கூறி, அப்பெயரின்கீழ் பானங்களை விற்பதை நிறுத்துமாறு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூனில், செறிவூட்டிய சாற்றில் நீர் கலந்து உருவாக்கப்படும் பானங்களின் உறையிலிருந்து ‘100% பழச்சாறு’ என்பதை நீக்கப் பணித்தது. ‘சர்க்கரை இல்லாதது’ என்னும் சொல்லும் அத்தகையதே. சர்க்கரை இல்லாத பிஸ்கட்டில் மைதாவும் கொழுப்பும் இருக்கும். மைதாவும் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும்.

நம் ஊர்களில் உண்ணப்படும் பெரும்பகுதிக்கு உறையே இல்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளைக் கொண்ட உணவகங்கள் கலோரியை அறிவிக்க விதி உண்டு; தெருமுனைத் தேநீர்க் கடை வடைக்கு அவ்விதி எட்டாது. செயலி கூறும் ‘ஒரு தோசை’ உங்கள் வீட்டுத் தோசையும் அன்று. சுற்றி ஊற்றும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் அதுவே ஏறத்தாழ 120 கலோரி. எனவே வீட்டு உணவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைச் சமைக்கும் முன் அளந்து, உண்போர் எண்ணிக்கையால் வகுப்பதே எந்தச் செயலியையும்விட உண்மைக்கு அருகில் நிற்கும்.

இவ்வளவையும் நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவது அறமாகாது. இன்றைய விதிப்படி உணவு உறையின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ், விற்பவர் விரும்பினால் மட்டுமே. கணவருக்கோ மாமியாருக்கோ பத்திய உணவு சமைக்கும் பெண், தமிழ் மட்டும் அறிந்தவராயின், இங்கே நாங்கள் கூறிய ஒரு சோதனையையும் அவரால் செய்ய இயலாது. தமிழ் பேசும் மண்ணில் விற்கப்படும் உணவின் சத்து விவரம், கண்ணுக்குத் தெரியும் அளவில், தமிழிலும் இருப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். மருந்துச் சீட்டுக்கு நிகரான தாள் அது.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அன்றாடம் வாங்கும் உணவுகளின் உறைகளை எறியாமல், அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். உணவியல் நிபுணருடன் அமர்ந்து சேர்ந்து படிப்போம். கணக்கில் பிழை கண்டாலும் இன்சுலின் அளவை நீங்களே மாற்ற வேண்டாம். முதலில் எங்களிடம் கேளுங்கள். ஐயத்துக்குரிய உறையாயின், அதிலுள்ள 14 இலக்க உரிம எண்ணுடன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் அளிக்கலாம். உண்பவர் கேள்வி கேட்கத் தொடங்கினால்தான் விற்பவர் எண்களைக் கவனமாக அச்சிடுவார்.