கரையூர் என்றால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கிழமை என்னைக் கடுப்பேற்றியது ஒரு கல். இத்தாலியில், பலெர்மோவில் இருக்கும் மருமகன் விடுமுறைக்கு வடக்கே, சன் ரெமோப் பக்கம் போயிருக்கிறான். மலையூர்ப் படங்களாக வாட்ஸப்பில் வந்து குவிகின்றன. வாசற்படிக் கல்லில் ஆண்டு, கிணற்றுக்கட்டுக் கல்லில் ஆண்டு. "மாமா, தண்ணி அள்ளுற இடத்திலையும் சரித்திரம் எழுதி வச்சிருக்கிறாங்கள். எங்கடை குருநகரிலை என்ன கிடக்கு?"

ஆண்டுதானே வேண்டும்? 1986 ஜூன் 10, மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன 31 பேர் கொல்லப்பட்ட நாள். 1993 நவம்பர் 13, எங்கள் யாகப்பர் கோயிலில் குண்டு விழுந்த நாள். இவற்றைச் சொல்ல எங்கள் ஆட்கள் கல்லைத் தேடிப் போவதில்லை.

இப்படிப் பதில் எழுதப் போனவன் நடுவழியில் நின்றுவிட்டேன். சன் ரெமோ என்றதும் ஒரு ஆயர் ஞாபகம் வந்தார். 1847இல் இலங்கைக்கு வந்த முதல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களில் ஒருவரான செமேரியா, 1857 முதல் யாழ்ப்பாணத்து ஆயர். அவருடைய இருக்கை இருந்த பெரிய கோயிலுக்கு எங்கள் ஊரிலிருந்து நடந்தே போகலாம். 1868இல் மார்சேயில் காலமானார். அவர் பிறந்தது சன் ரெமோவை ஒட்டிய கொல்லா என்ற சிற்றூர். இன்று வரைபடத்தில் தேடினால் அந்தப் பெயரில் கிடைக்காது. கோல்திரோதி என்று போட்டிருக்கும். குன்று என்று சும்மா கிடந்த ஊரின் தலையில் ரோட்ஸ் தீவின் பெயரை ஏற்றிவிட்டார்கள்.

பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இனி நான் எங்கே போவேன் என்று தெரியும். "மனுசன் திரும்பவும் தொடங்கிட்டான்" என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் புரட்டலாம்.

கரையூர். என் பாட்டியின் காணி உறுதியில் எங்கள் ஊர்ப் பெயர் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கடற்கரை ஊருக்குக் கரையூர் என்பதைவிட என்ன பெயர் வேண்டும்? குருநகர் ஆனதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். குருகுலப் பெருமை என்பது அதிகம் காதில் விழுவது. பெருமைப்படட்டும், நான் மறிக்கவில்லை. ஆனால் ஊர் குருநகராகவே பிறந்தது போல மலர்களில் கட்டுரை எழுதுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. வலை பொத்துகிற கையும், விடியப்புறம் வள்ளம் தள்ளுகிற தோளும், யூலை 25 யாகப்பர் திருநாளுக்குக் கொடி ஏறியதும் வெளிநாட்டிலிருந்து ஓடி வருகிற பிள்ளைகளும் அந்தப் பழைய பெயரின் பிள்ளைகள்தான். அதைச் சொல்ல எதற்குக் கூச்சம்? "நகர்" ஒட்டினால் மீன் மணம் போய்விடுமா? போகவும் வேண்டாம்.

மருமகனுக்கு எழுதினேன்: "தம்பி, கோல்திரோதிக்கு ஒருக்காப் போ. வயது போன மனுசி யாராவது திண்ணையில் இருந்தால், ஊருக்கு என்ன பெயர் எண்டு கேள். கொல்லா எண்டு சொல்லுறாவோ பார்."

மறுநாள் காலை பதில் வந்தது.

"சாப்பிட்டிட்டியளோ மாமா?"