அந்தக் கல்லைச் செதுக்கியவர் எந்தச் சாதி?

என் பாட்டி பல்லாவரம் பக்கத்துக் குவாரியில் ஜல்லி உடைத்தவர். கருங்கல்லைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். எங்கே தட்டினால் எப்படிப் பிளக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை யாரும் அறிவு என்று சொன்னதில்லை. கூலி வேலை, அவ்வளவுதான்.

அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, சரளைக்குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கருவி அது என்று கண்டுகொண்டார். எப்படி? ஆற்றில் உருண்ட கல் வழவழப்பாகிவிடும். வெயிலில் வெடித்தது தாறுமாறாக உடைந்திருக்கும். ஓரத்தில் குறிபார்த்து அடித்த கல்லிலோ, சில்லு பெயர்ந்த இடம் சிப்பியின் உட்புறம்போலக் குழிந்திருக்கும். ஒரு குழியை ஒட்டி இன்னொரு குழி, திருப்பினால் மறுபக்கமும் அப்படியே என்றால், அடித்தவர் யோசித்து அடித்திருக்கிறார். இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. பாட்டிக்கு ஒரு நிமிடம் போதும்.

அதே ஆண்டு ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். பின்னாளில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே அகழ்ந்தெடுத்த கைக்கோடாரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது.

இந்த எண்ணைக் காட்டி 'நாங்களே மூத்தகுடி' என்று மார்தட்டும் பதிவுகள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். சிலர் கூடவே சாதிப் பெயரையும் ஒட்டிக்கொள்கிறார்கள். தோழர்களே, நாம் சார்ந்த ஹோமோ சேப்பியன்ஸ் இனம் உருவாகியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தக் கோடாரியைச் செய்தவர் தமிழர் அல்லர்; இன்றைய பொருளில் மனிதரே அல்லர். சாதியோ நேற்று வந்தது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தே வாழ்ந்தார்கள், அகமணம் பிறகுதான் இறுகியது என்கிறது 2013இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று. 15 லட்சத்தில் 1,900 எத்தனை பங்கு என்று போட்டுப் பாருங்கள். இதை வைத்துக்கொண்டா ஆண்ட பரம்பரைக் கதை?

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கல்லுக்கு மாலை போடாத குறைதான். குவாரி ஓய்ந்த நாள்களில் பாட்டி சொந்த ஊருக்குப் போவார். அங்கே டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். குடித்து முடித்ததும் அவரே கழுவி, திண்ணை ஓரத்தில் கவிழ்த்துவிட்டு வருவார்.