துருப்பிடித்த பாலங்கள்: மணி அடித்தால் நிறுத்த ஆள் உண்டா?

சாயங்காலம் ஆறு மணி. மின்சார ரெயில் வந்து நிற்கிறது. பெட்டி பெட்டியாக இறங்கும் கூட்டம் ஒரே மூச்சில் இரும்பு நடைபாலத்தில் ஏறுகிறது. பாலம் லேசாக ஆடுகிறது.

"என்னண்ணே, ஆடுதே?" என்கிறான் பள்ளிக்கூடப் பையன். "அது ஆடிக்கிட்டேதாம்பா இருக்கும், நீ நட!" என்கிறார் பின்னால் கூடையோடு வரும் காய்கறிக்காரர்.

கூடைக்காரர் சொன்னது பாதி சரி. இரும்புப் பாலம் அசையத்தான் வேண்டும். வெயிலில் நீளும், ராத்திரியில் சுருங்கும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கர்டர் 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்கத்தான் பெரிய கர்டர்களின் ஒரு முனையை உருளை மேல் உட்கார வைக்கிறார்கள். அந்த உருளையில் குப்பையும் புறா எச்சமும் சேர்ந்து, துரு ஏறி, இறுகிப் போனால் கர்டர் நகராது. நகர முடியாத பலம் தூணைப் போய்த் தள்ளும். அசைகிற பாலத்தை விட அசையாமல் அடம் பிடிக்கிற பாலம் சில சமயம் மோசம்!

மீதிப் பாதி சரியில்லை. எவ்வளவு ஆடலாம், எதற்கு மேல் ஆடக்கூடாது என்று யாராவது அளந்து பார்த்தார்களா? அளந்தவர் சொன்னதை யாராவது கேட்டார்களா?

பாம்பனில் கேட்டார்கள்

பழைய பாம்பன் ரெயில் பாலம் 1914 பிப்ரவரி 24-ந் தேதி திறக்கப்பட்டது. இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் நீளம். சுற்றிலும் உப்புக் காற்று. இரும்புக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. 1964 டிசம்பர் புயலில் பாலம் சின்னாபின்னமானது. ஸ்ரீதரன் என்ற என்ஜினீயர் தலைமையில் 46 நாளில் சரி செய்து ரெயில் விட்டார்கள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாத கதை பிறகு நடந்தது. 2018 டிசம்பரில், கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பாலத்தில் விரிசல் கண்டார்கள். ரெயிலை நிறுத்தி, பழுது பார்த்து, மறுபடி விட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களின் உதவியோடு பாலத்தில் சென்சார் கருவிகளைப் பொருத்தினார்கள். இப்படிப்பட்ட கருவிகளில் ஒரு ரகம் ஸ்டாம்பு அளவுதான் இருக்கும். இரும்பு மேல் ஒட்டிவிட்டால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரும்பு நீண்டாலும் அதனுள் இருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும். அதைக் கணக்குப் போட்டால் பாலம் எவ்வளவு வலி தாங்குகிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு ரகம் அதிர்வை அளக்கும்.

2022 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் அதிர்வு எல்லை மீறுவதாகக் கருவி காட்டியது. 23-ந் தேதி ரெயில் நிறுத்தப்பட்டது. "பண்டிகைக் கூட்டம் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று யாரும் தள்ளிப் போடவில்லை. ராமேசுவரம் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு கரையிலேயே இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் திறக்கும் வரை இரண்டு வருஷத்துக்கு மேல் இதே பாடு. கஷ்டம்தான், நஷ்டம்தான். ஆனால் ஒரு உயிர் போகவில்லை.

மும்பையில் என்ன ஆச்சு?

2019 மார்ச் 14. சத்ரபதி சிவாஜி மகராஜ் ரெயில் நிலையத்தை ஒட்டிய நடைபாலம். ஆபீஸ் விட்டு ஜனம் வீடு திரும்பும் நேரம். இரும்புச் சட்டத்தின் மேல் இருந்த நடைதளம் இடிந்து ரோட்டில் விழுந்தது. ஏழு பேர் செத்தார்கள். முப்பது பேருக்கு மேல் காயம்.

சோதனை செய்யாத பாலமா? இல்லை! முந்தின வருஷம்தான் சோதனை நடந்தது. சின்னச் சின்ன ரிப்பேர் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். விழுந்த ராத்திரியே "பாலம் யாருடையது, ரெயில்வேக்கா, மாநகராட்சிக்கா?" என்று சண்டை வந்துவிட்டது. பிறகு சோதனை செய்தவரும் மாநகராட்சி என்ஜினீயர்களும் கைதானார்கள். செத்தவன் எழுந்து வருவானா?

வெளிநாட்டுக்காரன் ஒழுங்காகப் பார்ப்பான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் 2007 ஆகஸ்டு 1-ந் தேதி சாயங்காலம் கார்களோடு ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். கட்டும்போதே இணைப்புத் தகடுகள் இருக்க வேண்டியதில் பாதி கனம்தான் இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அந்தத் தகடுகள் வளைந்திருப்பது 2003-ல் எடுத்த போட்டோவிலேயே தெரிகிறது! படம் எடுத்தார்கள், பைலில் வைத்தார்கள். அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

புனே பக்கத்தில் குண்டமலா என்ற இடத்தில் இந்திராயணி ஆற்று இரும்புப் பாலம் 2025 ஜூன் 15-ந் தேதி விழுந்து நாலு பேர் இறந்தார்கள். ஆபத்து என்று பலகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பலகையையா பார்க்கும்? தடுத்து நிறுத்த ஆள் வேண்டாமா?

வெற்றிலை எச்சிலும் எமன்தான்

ஜனங்களும் சும்மா இல்லை. கொல்கத்தா ஹவுரா பாலம் 1943-ல் திறந்தது. 26 ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு. அந்த மலைக்கே வெற்றிலை எச்சில் அரிப்பு வந்துவிட்டது. தூண் அடியில் இருந்த இரும்புக் கவசம் ஆறு மில்லிமீட்டரில் இருந்து சில வருஷத்தில் மூன்றாகத் தேய்ந்ததாகக் கணக்கெடுத்து, கண்ணாடி நார் உறை போட்டு மூடினார்கள். நம்ம ஊர் நடைபாலப் படிக்கட்டு மூலைகளைப் பார்த்தால், இங்கும் போட்டிக்கு ஆள் இருக்கிறது!

எல்லாப் பாலத்துக்கும் சென்சார் கேட்கவில்லை. சின்ன நடைபாலத்துக்கு ஒரு சுத்தியலும், டார்ச் லைட்டும், கம்பி பிரஷ்ஷும், விஷயம் தெரிந்த ஒரு ஆளும் போதும். இறுக்கமான ரிவெட்டைத் தட்டினால் கணீர் என்கும். தளர்ந்தது டொக் என்கும். இது அனுபவப்பட்ட மேஸ்திரிக்குத் தெரியும். ஆனால் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மந்திரி வருகிறார் என்று துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் துருவுக்குச் சட்டை மாட்டின கதைதான். விரிசல் பெரும்பாலும் ரிவெட்டு ஓட்டையிலும் பற்றவைத்த இடத்திலும்தான் பிறக்கிறது. பளபளப்பு அதைக் காட்டாது, மறைக்கும்.

மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை இல்லை என்றால் அபராதம். ஆட்டோவுக்கு எப்.சி. இல்லை என்றால் கேஸ். நூறு கிராம் பருப்புக்கு உள்ள பத்திரம், தினசரி ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும் இரும்புப் பாலத்துக்கு வேண்டாமா?

ஒவ்வொரு பழைய பாலத்தின் படிக்கட்டிலும் ஒரு பலகை மாட்டட்டும். பாலம் யாருடையது, கடைசியாக என்றைக்குச் சோதித்தார்கள், கையெழுத்துப் போட்டது எந்த அதிகாரி, அடுத்த சோதனை எப்போது என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதட்டும். சோதனை செய்தவர் "மூடு" என்றால் மேலிடத்துக்கு எழுதிக் காத்திராமல் அன்றைக்கே கயிறு கட்டும் அதிகாரம் ஸ்டேஷனில் உள்ள ஒருவர் கையில் இருக்கட்டும். தராசைப் புரட்டிப் பார்க்கும் வாடிக்கையாளர் மாதிரி, நாளைக் காலையில் படி ஏறும் பயணிகளும் கேட்கட்டும்: பாலத்துக்கு முத்திரை எங்கே?