தக்காளி விலையும் காலேஜ் சீட்டும்



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. "சார், பொண்ணுக்கு 168 கட்-ஆஃப். என்ன எடுக்கலாம்?" "மாமா, சி.எஸ். கிடைக்கலைன்னா ஐ.டி. போடலாமா, ஏ.ஐ. போடலாமா?" ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் கணக்கு வாத்தியாருக்குக் கட்-ஆஃப் கணக்கோடு எதிர்காலக் கணக்கும் தெரியும் என்று நம்புகிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அந்த 168 கட்-ஆஃப் பெண்ணின் அப்பா என் பழைய மாணவர். 1996-ல் என்னிடம் பிளஸ் டூ படித்தவர். கேம்ப் ரோடு பக்கம் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' சீட் பேசி வைத்திருக்கிறாராம். நாலு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்குக் குறையாது. பேங்க் லோன் போடுவதாகத் திட்டம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம்.

"உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேத்ஸ் சார். ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

"அதைப் படிச்சு யாரு வேலை குடுப்பா?" என்று அப்பா குறுக்கே வந்தார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் குரல்தான்.

2012-ல் என் வகுப்பில் ஒரு பையன். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பி.காம். சேர்ந்து, பிறகு சி.ஏ. முயற்சி செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவன் வீட்டுக்காரர்கள் என்னைத்தான் கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. "இவ்வளவு நல்லா கணக்கு போடறவன் ஏண்டா பி.காம். போறே? மெக்கானிக்கல் எடு. மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு நம்மைச் சுத்தி எங்க பார்த்தாலும் கார் கம்பெனி" என்றேன். அவன் எடுத்தான். 2016-ல் படித்து முடித்தபோது அவனைப் போல மெக்கானிக்கல் முடித்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை, மாதம் 10,000 ரூபாய். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு பி.பி.ஓ.வில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே காஸ்ட் அக்கவுண்டன்சி படித்தான். இப்போது பெருங்குடியில் நல்ல வேலையில் இருக்கிறான்.

போன வருஷம் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தபோது, "ஆறு வருஷம் சுத்திட்டு, நான் கேட்ட இடத்துக்கே வந்துட்டேன் சார்" என்று சிரித்தான். குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

என் தப்பு எங்கே? மெக்கானிக்கல் மட்டமான படிப்பு இல்லை. அதே வருஷம் அதே மெக்கானிக்கல் எடுத்த இன்னொருவன், காலேஜ் பட்டறையே கதி என்று கிடந்தவன், இன்று வாகன வடிவமைப்பில் முதலாமவனைவிட அதிகம் சம்பாதிக்கிறான். என் மாணவர்களில் நான் பார்த்தவரை ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் இருக்கும் சம்பள வித்தியாசத்தைவிட, ஒரே பிரிவுக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது. 2012-ன் நிலவரத்தை வைத்துக்கொண்டு 2016-க்கு நான் ஆரூடம் சொன்னேனே, அதுதான் தப்பு.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். விலையைப் பார்த்து எல்லோரும் தக்காளி போடுவார்கள். எல்லாம் ஒன்றாகக் காய்த்துச் சந்தைக்கு வரும்போது பறிப்புக்கூலிகூடத் தேறாது. அதைப் பார்த்து அடுத்த போகத்தில் ஒருவரும் போட மாட்டார்கள். மறுபடி விலை ஏறும். தக்காளிக்காவது மூன்று மாசம். நம் பயிருக்கு நாலு வருஷம்.

இந்தக் கூத்தை இதே ஊரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 1984-ல் சுயநிதி பொறியியல் கல்லூரிகள் வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அடிதடி. ஆனால் 1998-ல் கம்ப்யூட்டர் எடுத்தவர்கள் 2002-ல் வெளியே வந்தபோது அமெரிக்காவில் டாட் காம் கவிழ்ந்து கிடந்தது. பயந்துபோய் 2002-ல் கம்ப்யூட்டரை ஒதுக்கியவர்கள், 2006-ல் ஐ.டி. கம்பெனிகள் ஆள் தேடியபோது கையைப் பிசைந்தார்கள். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021-ல் அறிவித்து, 2022-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்த ஆலையைக் காட்டித்தானே நான் பிள்ளைகளுக்கு மெக்கானிக்கல் விற்றேன்!

இப்போது மறுபடி கம்ப்யூட்டர் போகம். ஒரு பிரிவில் இத்தனை சீட்டுதான் என்ற உச்சவரம்பை, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. இன்று சேர்பவர்கள் எல்லோரும் நாலு வருஷம் கழித்து ஒன்றாகச் சந்தைக்கு வருவார்கள்.

"கம்ப்யூட்டர் படிச்சவங்கதானே சார் அதிகம் சம்பாதிக்கிறாங்க?" என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். 2023-ம் ஆண்டுக்கான விவரங்களை நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த இளம் பட்டதாரிகளின் நடுத்தரச் சம்பளம் வருஷத்துக்கு 80,000 டாலர். பட்டியலில் உச்சிப் பக்கம். ஆனால் அவர்களில் வேலையில்லாதவர்கள் 6.1 சதவீதம். கலை வரலாறு படித்தவர்களில் 3 சதவீதம்தான். உள்ளே போனவனுக்கு விருந்து, வாசலில் நெரிசல். நம் ஊரிலோ பெரிய ஐ.டி. கம்பெனிகள் சாதாரணமாக எடுக்கும் புதியவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம், பத்து வருஷத்துக்கும் மேலாக வருஷத்துக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 7 வருஷத் தவணை. மாதம் சுமார் 16,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை நான் சேர்க்கவே இல்லை. மூன்றரை லட்சம் சம்பளத்தில் பிடித்தம் போகக் கையில் 25,000 என்று வையுங்கள். மிச்சம் 8,400. அதில் ஹாஸ்டலும் சாப்பாடும் பஸ்ஸும். இதுவும் வேலை உடனே கிடைத்தால்.

உடனே கிடைக்காவிட்டால்? அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 25 வயதுக்குக் கீழே உள்ள பட்டதாரிகளில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 42 சதவீதம். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் அது 5 சதவீதத்துக்கும் கீழே. வேலை எப்படியோ கடைசியில் அமைந்துவிடுகிறது. இடைப்பட்ட வருஷங்களில் யாரால் காத்திருக்க முடியும் என்பதுதான் கேள்வி. சேலையூரில் சொந்த வீடும் அப்பாவுக்குப் பென்ஷனும் இருக்கும் பிள்ளை, பிடித்த வேலை வரும்வரை காத்திருப்பான். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டிய பிள்ளை வந்ததைப் பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளை என்றால் அதற்குள் கல்யாணப் பேச்சும் வந்துவிடும். ஆகவே எந்தப் படிப்பு என்பதைவிட, எவ்வளவு கடன் என்பது பெரிய கேள்வி. அதை மட்டும் என்னிடம் யாருமே கேட்பதில்லை.

எலெக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் இதைத்தான் சொன்னேன். "நாலு வருஷம் கழிச்சு சந்தை எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியாது, அந்தக் காலேஜ்காரருக்கும் தெரியாது. தெரிஞ்சது ரெண்டுதான். உன் பொண்ணுக்கு எது நல்லா வரும், உன்னால எவ்வளவு தாங்க முடியும். டேட்டா சயின்ஸ்க்கு அஸ்திவாரமே புள்ளியியல்தாம்ப்பா. அஸ்திவாரத்தை வேண்டாம்னுட்டு பெயர்ப்பலகைக்கு 10 லட்சம் குடுக்கறே."

நம்ம கிறிஸ்துவக் கல்லூரியிலேயே புள்ளியியல் துறை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். சிறுசேரி சென்னைக் கணிதவியல் கழகத்தில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். பெரிய ஐ.டி. கம்பெனிகள் பி.எஸ்சி. முடித்தவர்களையும் எடுக்கின்றன. அங்கே தொடக்கச் சம்பளம் பி.இ.யைவிடக் குறைவு. அதையும் மறைக்காமல் சொன்னேன். பொறியியல்தான் வேண்டும் என்றால் கவுன்சிலிங்கில் கிடைப்பதைப் பார்க்கட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே ஏற்கிறது. நம் சொந்தத்திலேயே இரண்டு வீட்டில் இது தெரியாமல் இருந்தார்கள்.

'இதை எடு' என்று மட்டும் நான் சொல்லவில்லை. 2012 போதும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் போன் செய்தார். முன்பணம் கட்டவில்லையாம். "வீட்ல சண்டை சார். மச்சான் பேசறதே இல்லை. பொண்ணு மட்டும் ரெண்டு நாளா நல்லா சாப்பிடறா" என்றார். அவள் எடுக்கப்போகும் முடிவு சரியா தப்பா என்று நாலைந்து வருஷம் கழித்துத்தான் தெரியும். தப்பாகவே போனாலும் தலையில் 10 லட்சம் இருக்காது.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், இந்த வாரம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். இன்றைய சம்பளத்தைச் சொல்லாதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். படித்து முடித்து எத்தனை மாசம் சும்மா இருந்தீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, கடன் எந்த வருஷம் அடைந்தது, படித்ததற்கும் பார்க்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம், இந்த நாலையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். என் ஆரூடத்தைவிட உங்கள் உண்மைக் கணக்கு அந்தப் பிள்ளைக்கு உதவும்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் சும்மா இருந்தேன். முதல் சம்பளம் 640 ரூபாய். எங்கள் அப்பா ஆசைப்பட்டது பேங்க் வேலைக்கு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
கிழக்குத் தாம்பரம்.