புள்ளி இருக்கிறது, தண்ணீர் எங்கே?

சென்ற மாதம் ஒரு ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த மாவட்டத்தில் இருந்து இதைப் படித்தாலும் உங்கள் ஊர் மாதிரியேதான் இருக்கும். காலனியில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக்குடத்தோடு வந்து நின்றார்கள். ஊராட்சிச் செயலர் கோபப்படவில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு வரைபடத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"பாருங்க தோழர், காலனியில அத்தனை வீட்டுக்கும் கனெக்‌ஷன் குடுத்தாச்சு. ஒவ்வொண்ணுக்கும் போட்டோ எடுத்து, இடத்தையும் குறிச்சு ஏத்தியாச்சு. மேல இருந்து கேட்டா இதைத்தான் காட்டுவேன்."

உண்மைதான். வரிசையாகப் புள்ளிகள் இருந்தன. ஒரு வீடுகூட விடுபடவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் புள்ளிக்கு அடியில குடத்தை வெச்சா ரொம்புமா தம்பி?"

எல்லோரும் சிரித்தோம். செயலரும் சிரித்தார். தண்ணீர் அன்றும் வரவில்லை.

அந்த அம்மாவின் கேள்வியை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜிஐஎஸ், இன்று உள்ளாட்சி நிர்வாகத்தின் அன்றாடக் கருவி. மாநகராட்சியில் ட்ரோன் பறக்கவிட்டுக் கட்டடங்களை அளந்து சொத்து வரி போடுகிறார்கள். தெருவிளக்குக் கம்பத்துக்கு எண், குப்பை வண்டிக்கு ஜிபிஎஸ், பாதாளச் சாக்கடை மூடிக்குப் புள்ளி. கிராமத்தில் நூறு நாள் வேலையில் வெட்டிய குட்டையையும், வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டையும் இடம் குறித்துப் படமெடுத்து ஏற்றினால்தான் பணம் வரும். ஊராட்சிகள் திட்டமிடுவதற்கென்றே 'கிராம் மஞ்சித்ரா' என்ற வரைபடச் செயலியை ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் வைத்திருக்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்திலும் இதே கதைதான்.

தொழில்நுட்பம் கடினமானதல்ல. ஒரு ஊரின் படத்தை நான்கைந்து கண்ணாடித் தாள்களில் தனித்தனியாக வரைந்துகொள்ளுங்கள். ஒன்றில் சாலை, இன்னொன்றில் குழாய், மற்றொன்றில் தெருவிளக்கு, வேறொன்றில் வீடு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த வீட்டுக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான். இதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று. எந்தத் தாளை எதன்மேல் வைப்பது என்று முடிவு செய்பவர் யார்?

நம் ஊராட்சிகளில் குழாய்த் தாள் இருக்கிறது. சேரி எங்கே தொடங்குகிறது என்ற தாளும் அரசிடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டிலிருந்தே கிராம நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. இன்றைக்கும் குடியிருப்புவாரியாகப் பட்டியல் சாதி மக்கள்தொகையைக் கணக்கிட்டுத்தான் நிதி ஒதுக்குகிறார்கள். இந்த இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு ஊராட்சியை நான் இதுவரை கண்டதில்லை.

வைத்தால் என்ன தெரியும்? நான் நடந்து பார்த்த ஊர்களில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் ஊர்த்தெருவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பெரிய குழாய் ஊர்த்தெருக்களைச் சுற்றி வருகிறது. வழியெங்கும் இணைப்புகள். ஒவ்வொரு தெருவுக்கும் கேட் வால்வு. அதற்குப் பிறகு குழாய் சிறுத்துக்கொண்டே போய், சாலையைத் தாண்டி, காலனியில் முடிகிறது. கடைசி வீடு எப்போதும் நம்முடையது. தொட்டி நிரம்பி இருந்தால் சொட்டும். மின்சாரம் நின்றாலோ மேலத்தெருவில் நாலு பேர் மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ காற்றுதான் வரும். வால்வைத் திறக்கும் டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருவுக்கு முதலில் திறக்கிறார், எத்தனை நிமிடம் திறக்கிறார் என்பது எந்தப் புள்ளியிலும் இல்லை. குழாய் இருப்பதைக் காட்டும் வரைபடம், தண்ணீர் வருவதைக் காட்டுவதில்லை. அழுத்தம், நேரம், முறை ஆகியவைதான் கிராமத்தில் தண்ணீரின் அரசியல். அதற்கெனத் தாளே வரையப்படவில்லை.

"இதுல சாதி எங்க சார் வந்துச்சு? பள்ளம் மேடு, பட்ஜெட் பிரச்சினை" என்பார்கள். இந்தப் பதிலை அமெரிக்காவில் ஒரு உள்ளாட்சியும் சொல்லிப் பார்த்தது. அங்கே என்ன ஆயிற்று என்பது நமக்குப் பாடம்.

ஒஹையோ மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்று ஒரு நகரம். அதன் எல்லையை ஒட்டி கோல் ரன் என்ற குடியிருப்பு. பெரும்பாலும் கறுப்பின மக்கள். பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதி. ஐம்பது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட அந்த மக்களுக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் கிடையாது. மழைநீரைச் சேமித்தார்கள், காசு கொடுத்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சுற்றிலும் வெள்ளையர் வீடுகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர். கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள் நமக்குப் பழக்கமானவை. நகரத்தைக் கேட்டால் அது எங்கள் எல்லை இல்லை. வேறு இடத்தில் கேட்டால் செலவு.

2002-ல் அவர்கள் மாநிலக் குடிமை உரிமைகள் ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். பிறகு நகரம், மாவட்ட நிர்வாகம் என எல்லோர் மீதும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு. கென்னடி எதிர் ஜேன்ஸ்வில் நகரம் என்று அந்த வழக்குக்குப் பெயர். அதில் ஆலன் பார்னெல் என்ற ஆய்வாளர் உள்ளிட்டோர் செய்தது மிக எளிய வேலை. குடிநீர்க் குழாய் எங்கெங்கே போகிறது என்ற பதிவையும், எந்த வீட்டில் எந்த இனத்தவர் வசிக்கிறார் என்ற விவரத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டார்கள். குழாய் வெள்ளையர் வீடுகளைத் தொட்டுப் போய், கறுப்பர் வீடுகள் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுவதை எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

2008 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 67 பேருக்கு ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னார்கள் நடுவர்கள். ஐம்பது ஆண்டுகள் வராத குழாய், மக்கள் சட்டத்தின் கதவைத் தட்டிய பிறகு ஒன்றிரண்டு ஆண்டுகளில் வந்துவிட்டது. அப்படியானால் இடையில் நின்றது பள்ளமா மேடா, பணமா?

அதிகாரி ஒருவர் வாய்திறந்து "கறுப்பருக்குத் தண்ணீர் கிடையாது" என்று சொல்லியிருக்க வேண்டிய தேவையே இல்லை. குழாயின் வழித்தடமே சாட்சி சொல்லிவிட்டது. நம் ஊரிலும் யாரும் அப்படி எழுதிவைக்க மாட்டார்கள். அதனால்தான் வரைபடம் நமக்கு வேண்டும்.

இந்த வரைபடத்துக்கு நம்மைக் கண்ணே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. வேறு சில நேரங்களில் நன்றாகவே தெரிகிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று பட்டியல் எடுக்கும்போது முதலில் குறிக்கப்படுவது யாருடைய குடிசை? 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் கொட்டினார்கள். பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ளம் வரும் என்று ஒரு இடத்திலிருந்து எடுத்து, வெள்ளம் வரும் இன்னொரு இடத்தில் வைத்தார்கள். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தால் இதுவும் தெரிந்திருக்கும். வைக்கவில்லை. வீட்டை இடிக்க அடையாளம் காட்டும் கருவிக்கு, குடம் நிறைக்க மட்டும் வழி தெரியாமல் போவது தற்செயல் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரங்களில் பழைய பாதாளச் சாக்கடை எந்த மூடியிலிருந்து எந்த மூடிக்குப் போகிறது என்பது பல இடங்களில் காகிதத்தில் இல்லை. அது நம் தூய்மைப் பணியாளர்களின் தலைக்குள் இருக்கிறது. இருபது, முப்பது ஆண்டுகள் அதே தெருவில் உழைத்தவருக்குத்தான் அடைப்பு எங்கே விழும் என்று தெரியும். கணக்கெடுக்க வரும் நிறுவனத்தார் அவரைத்தான் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அவர் கை காட்டுகிறார், இவர்கள் புள்ளி வைக்கிறார்கள். மனிதரை மலக்குழியில் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. எந்தக் குழியில் இயந்திரம் நுழையும், எந்தச் சந்தில் நுழையாது, எங்கே விஷவாயு தேங்கும் என்று ஒரு தாள் வரைந்தால் உயிர்கள் பிழைக்கும். சொத்து வரிக்கு ட்ரோன் பறக்கிற நாட்டில் இதற்கு என்ன தடை?

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். முகவரி சொன்ன மாத்திரத்தில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் கேவலம் ஒழியட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பெயர்ப்பலகையில் இருந்து எடுக்க வேண்டியதைக் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். தெருவுக்குப் பூவின் பெயரை வைத்த பிறகும் குழாய் அதே இடத்தில்தான் சிறுக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால், "இங்கே காலனி என்று எதுவுமே இல்லையே" என்று வரைபடத்தைக் காட்டுவார்கள். அவமானம் போக வேண்டும். அநீதியின் தடயம் அழியக் கூடாது.

சில தோழர்கள் வேறொரு பயத்தைச் சொல்கிறார்கள். தலித் வீடுகளை வரைபடத்தில் குறித்தால் அதையே வைத்துக்கொண்டு தாக்க வர மாட்டார்களா என்று. நியாயமான பயம். என் பதில் இதுதான்: வீடுவீடாகச் சாதி குறிக்கச் சொல்லவில்லை. குடியிருப்பு அளவில் போதும். எந்தத் தெரு யாருடையது என்பது தாக்க வருகிறவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது போல நடிப்பது திட்டம் போடும் அலுவலகம் மட்டும்தான்.

சரி, என்ன செய்வது?

முதலில் கேட்போம். உங்கள் ஊராட்சியின் குழாய் வரைபடம், குழாயின் அளவு, வால்வு இருக்கும் இடங்கள், தண்ணீர் திறக்கும் நேரப் பதிவேடு ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். வரைபடம் ரகசியம் என்று யாராவது சொன்னால், 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசே வரைபடத் தரவுகள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டது என்று சொல்லுங்கள். தனியார் நிறுவனம் வரையலாம், குடிக்கிறவன் பார்க்கக் கூடாதா?

அடுத்து, நாமே வரைவோம். நம் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஊர்த்தெரு, நம் தெரு இரண்டிலும் நடந்து ஒவ்வொரு குழாயையும் எரியும் விளக்கையும் எரியாத விளக்கையும் குறியுங்கள். சுடுகாட்டுப் பாதை எங்கே முடிகிறது என்று குறியுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் தண்ணீர் வந்தது என்று நம் வீட்டுப் பெண்கள் எழுதட்டும். ஒரு மாத நோட்டு, ஆயிரம் புள்ளிகளை விடக் கனமானது.

மூன்றாவது, அதைக் கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. நம் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். 2024-ல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: எங்கள் பெயரால் ஒதுக்கிய பணம் எந்தத் தெருவில் இறங்கியது? அதையும் ஒரு தாளில் வரைந்து காட்டு.

மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் தீண்டப்படாதாருக்கும் திறந்துவிட்டதாக 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே சாதி நின்றது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய்க் கையால் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தக் காகிதத்துக்கு அர்த்தம் வந்தது. நகராட்சி அந்தத் தீர்மானத்தையும் பிறகு திரும்பப் பெற்றது. நூறு ஆண்டு நெருங்குகிறது. காகிதம் கைப்பேசித் திரையாகிவிட்டது. தீர்மானம் புள்ளியாகிவிட்டது.

அந்த அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தப் புள்ளிக்கு அடியில் குடத்தை வைத்தால் நிறையும் என்ற நாள் வரும்வரை, எந்த வரைபடத்தையும் நாம் நம்பக் கூடாது. நம்முடையதை வரையாமலும் விடக் கூடாது.

ஜெய்பீம்.