எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்?

எமது சிறுபராயத்தில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. ஆயினும் இரவுச் செய்தி கேளாமல் எவரும் பாயில் சரிந்ததில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ இயங்கும். பீ.பீ.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் தமிழ்ப்பணியையும் அயலெல்லாம் கூடியிருந்து கேட்டோம். சுற்றுபவரின் கை களைத்தால் செய்தியும் களைத்துவிடும்; உடனே இன்னொருவர் கை மாற்றுவார். இதனை வாசிக்கும் பெரியோர் பலருக்கு இது நினைவிருக்கும்.

அந்நாட்களில் நாம் கேட்பவர்களாக மட்டுமே இருந்தோம். எம்மைப் பற்றி வேறு யாரோ, எங்கிருந்தோ பேசினார்கள். நாம் பேசுவதற்கு ஒரு வழி இருக்கவில்லை. பேசும் கருவிகள் போர் புரிந்தவர்களின் கைகளில் மட்டுமே இருந்தன. ஆகவேதான் வயர்லெஸ் என்ற சொல்லே எமக்குப் பயத்தைத் தரும் சொல்லாயிற்று.

போர் 2009 இல் முடிந்தது. அந்தப் பயம் முடிந்துவிட்டதா? அண்மையில் குடியிருப்பு ஒன்றில் இளைஞர் சிலருக்கு அமெச்சூர் வானொலியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற தாய் ஒருவர், "சுவாமி, உந்த வயரை மரத்திலை கட்டினால் நாளைக்கு ஆரும் வந்து விசாரிக்க மாட்டினமோ?" என்று கேட்டார். அவரது கேள்வி நியாயமானது. அதற்குரிய பதிலையே இங்கு எழுத விரும்புகிறோம்.

அமெச்சூர் வானொலி என்பது, அரசிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற சாதாரண மனிதர் தம் வீட்டிலிருந்தபடியே உலகின் வேறிடங்களில் உள்ள தம்மைப் போன்றவர்களோடு சிற்றலையில் கதைக்கும் பொழுதுபோக்கு. எமது நாட்டில் இதற்கான அனுமதியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்குகிறது. பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சித்தியடைந்தவருக்கு 4எஸ்7 என்பது போலத் தொடங்கும் ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். உலகில் வேறெவருக்கும் அந்தக் குறி இல்லை. அதனைக் கேட்டவுடனேயே பேசுபவர் இலங்கையர் என்பதை மறுமுனையில் இருப்பவர் அறிந்துகொள்வார்.

இதன் சட்டதிட்டங்களைக் கவனியுங்கள். பேசும்போது அழைப்புக்குறியைச் சொல்லியே ஆக வேண்டும். பொருளை மறைக்கும் இரகசியக் குறியீடுகளில் பேசக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. பேசுவதை எவரும் கேட்கலாம். போர்க்கால வயர்லெஸ் மறைந்திருந்து பேசியது. அமெச்சூர் வானொலியோ, தான் யார், எங்கிருக்கிறேன் என்பதை முதலிற் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறது. அந்தத் தாய்க்கு நாம் கூறிய பதிலும் இதுவே: அனுமதியின்றி ஒலிபரப்புக் கருவியை இயக்குவது குற்றம், அதில் விளையாட வேண்டாம். அனுமதி பெற்றவருக்கோ ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

"கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். ஆழிப்பேரலை கரையோரத் தொடர்புகளை அறுத்தெறிந்த அந்நாட்களில், இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்கள் தமது கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அதே வேளையில் அந்தமான் தீவுகளில், இந்தப் பொழுதுபோக்கிற்காகவே டில்லியிலிருந்து போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, பொழுதுபோக்கை நிறுத்திவிட்டுத் தம் குழுவினருடன் அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கினார். பல ஆண்டுகள் வீட்டில் விளையாட்டாகப் பழகிய கை அன்று உதவிற்று. ஆபத்து வந்தபின் பழகத் தொடங்கியிருந்தால் உதவியிருக்குமா?

இதற்கு என்ன தேவை? 7 மெகாஹேட்ஸ் அலைவரிசைக்கு ஏறக்குறைய 20 மீற்றர் செப்புக் கம்பி போதும். அதனை நடுவில் வெட்டி, இருபுறமும் 10 மீற்றர் வீதம் இரண்டு பனைகளுக்கிடையே கட்டினால் அதுவே அன்ரெனா. கருவி 12 வோல்ற்று பற்றறியில் இயங்கும். பற்றறியைச் சூரியத் தகட்டால் ஏற்றலாம். மோர்ஸ் என்னும் தந்திக் குறியைப் பழகியவர், நிலைமை வாய்த்தால், ஒரு மின்குமிழிலும் குறைந்த 5 வாற்று சக்தியில் கண்டம் தாண்டுவார். மோர்ஸைப் பழகச் சில மாதங்கள் செல்லும். கமக்காரருக்குப் பொறுமையைப் பற்றி நாம் போதிக்கத் தேவையில்லை.

இதிலும் காலமும் போகமும் உண்டு. பூமிக்கு மேலே சூரிய ஒளியால் உண்டாகும் அயன் மண்டலம் சிற்றலைகளைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் 14 மெகாஹேட்ஸ் தூரம் போகும். இரவில் 7 மெகாஹேட்ஸ் தூரம் போகும். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைய, தொடர்புகளும் பெருகிக் குறையும். வானத்தைப் பார்த்து விதைத்த எம்மவர்க்கு இது விளங்காத விடயமன்று. முழுதாக அறிய ஓர் ஆயுள் வேண்டும் என்பதனாலேயே இது நீண்டகாலப் பொழுதுபோக்காகிறது. நேபாளத்தில் 1951 இல் கோதாவரிப் பாடசாலையை ஆரம்பித்த இயேசு சபைக் குரு மார்ஷல் மோரன் அடிகளார், 9என்1எம்எம் என்ற அழைப்புக்குறியுடன் காத்மண்டுவிலிருந்து பல பத்தாண்டுகள் உலகத்தோடு பேசினார். 1992 இல் அவர் காலமானபோது, அவரை நேரிற் கண்டிராத எத்தனையோ பேர் அந்தக் குரலை அறிந்திருந்தனர்.

இதனால் வயிறு நிறையாது என்பதையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். புதிய கருவியின் விலை எமது குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. கைநூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. காணியும் கிணறும் இன்னும் கைக்கு வராதவரிடம் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசலாமா என்றும் நாம் எம்மையே கேட்டோம். ஆனால் முள்ளந்தண்டில் காயப்பட்டுக் கட்டிலோடு இருக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். பிள்ளைகள் வெளிநாடு போன பின் சுவரைப் பார்த்திருக்கும் முதியவர்களை அறிவோம். வீட்டை விட்டு வெளியேற முடியாதவரிடம் வீட்டிற்குள்ளேயே உலகத்தைக் கொண்டுவரும் ஒரு வேலையை ஆடம்பரம் என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். முதலில் கேட்கப் பழகுங்கள். சாதாரண றேடியோவில் அமெச்சூர்களின் குரல் தாரா கத்துவது போலக் கேட்கும், எஸ்.எஸ்.பி. வசதியுள்ள சிறு றேடியோ ஒன்று வேண்டும். அதனை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. ஊர் வாசிகசாலைக்கோ சனசமூக நிலையத்திற்கோ ஒன்று போதும். அதனைச் சுற்றி ஐந்தாறு இளைஞர் கூடட்டும். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கைநூலைத் தமிழில் விளக்கட்டும். அவர்களுள் ஒருவர் பரீட்சையில் சித்தியடைந்தாலும் ஊருக்கு ஒரு குரல் கிடைத்துவிடும்.

அமெச்சூர்கள் இருவர் முதன்முதற் சந்திக்கும்போது மூன்று விடயங்களைப் பரிமாறுவார்கள்: சத்தம் எப்படிக் கேட்கிறது, பெயர் என்ன, ஊர் எது. மூன்றாவது கேள்விக்கு எமது பிள்ளை என்ன பதில் சொல்வான்? 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவரின் பேரப்பிள்ளை, 1995 இல் செம்மணி வெளியால் நடந்தவரின் மகள், எந்த ஊரைச் சொல்வார்கள்? முகாமின் பெயரை எழுதி எழுதியே எம்மிற் பலருக்கு ஊரின் பெயர் வாயில் வருவதில்லை.

இரண்டையும் சொல்லட்டும். இப்போது இருப்பது இன்ன இடம், எமது ஊர் இன்னது என்று சொல்லட்டும். கேட்பவர் எங்கோ ஒரு தூரதேசத்தில், தன் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொள்வார். காணி அதனால் திரும்பிவிடாது என்பது உண்மை. ஆனால் தன் ஊரின் பெயரைப் பயமின்றிச் சொல்லப் பழகிய பிள்ளை, காணிக் கந்தோரிலும் அதே குரலிற் பேசும்.